ஹவில்தார் தங்கமுத்துவின் ஒற்றை நட்சத்திரம்

மீமிசல் பள்ளிவாசல் தெருவில் நின்று, "கதை எழுதுற ரோஷன் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். ரோஷன் பேகத்துக்கு அதில் பெருமை உண்டு. யாராவது அப்படிக் கேட்டுக்கொண்டு வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தால், முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுப்படியிலிருந்து வருகிறவள்போல் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள்.

கணவர் அபுபக்கர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர். அவர் வீட்டில் இருந்ததைவிட அவரை ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பிய ஞாபகங்கள்தான் ரோஷனுக்கு அதிகம். ஒரே மகன் அப்ரார் திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் போனில் ஒரு கதை ஆப்பை இறக்கினாள். படித்த கதைகளில் பாதி பிடிக்கவில்லை. இதைவிட நான் நன்றாக எழுதிவிடுவேன் என்று தோன்றியது. எழுதியும் காட்டினாள்.

முதல் கதைக்கு ‘அவர் வராத பெருநாள்’ என்று பெயர் வைத்தாள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் தேடித் தேடிப் படித்தார்கள். "எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க" என்று கீழே எழுதினார்கள். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று ஆறேழு கதைகள் வந்துவிட்டன. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் கதையில அவ மாமியாளை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுங்க" என்று சண்டை போடுவார்கள். ரோஷன் வாசல் பக்கம் பார்த்த நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள்.

அந்த வீட்டுக்குத்தான் நுஸைபா மருமகளாக வந்தாள். அபுபக்கரின் தம்பி வாஜித்துக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை. அவன் மனைவி நுஸைபா மணமேல்குடிக்காரி. வாஜித்தும் அவளும் மாடியில் இருந்தார்கள். சமையல் எல்லாருக்கும் கீழே ஒரே அடுப்படியில்தான். நுஸைபா அதிகம் பேச மாட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி வழிந்த பிறகுதான் இந்த உலகத்துக்கு வருவாள்.

ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"லாத்தா, நானும் ஒரு கதை எழுதிப் பாக்கவா?"

ரோஷனை அவள் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

"எழுதேன் புள்ள. என்ன கதை?"

"போர்க்கதை லாத்தா. கடலோரத்துல ஏழு கோட்டை இருக்கு. மலைநாட்டு ராசா படையெடுத்து வாரான். கோட்டைக்காரங்ககிட்ட யானை குதிரை எதுவும் கெடையாது. நண்டுதான் இருக்கு. யானை ஒசரத்துக்கு நண்டு. அது மேல ஏறிச் சண்டை போடுவாங்க."

ரோஷன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "யாரும்மா கதாநாயகன், எறாலா?"

நுஸைபாவும் சிரித்தாள். "இல்ல லாத்தா. படைக்குச் சோறாக்குற எடத்துல ஒரு பையன். வேயன்னு பேரு. ரத்தத்தப் பாத்தா வாந்தி எடுத்துருவான். பேச்சும் திக்கும். ஆனா மிச்சச் சோறு போட்டே நண்டுகளப் பழக்கி வச்சிருப்பான்."

"நம்ம ஆப்புல படிக்கிறது பூராப் பொம்பளைங்க. மாமியா கொடுமையும் மாப்பிள்ளை பாசமும் கேப்பாங்க. சண்டைக்கு யாரு வருவா?" என்று சொல்லிக்கொண்டே, ரோஷன் ஈரக் கையைத் துடைத்துவிட்டு நுஸைபாவின் போனில் அவளுக்கொரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தாள். கதைக்கு ‘எழுகோட்டைப் போர்’ என்று பெயர்.

முதல் சில வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரோஷன் மனசுக்குள் கொஞ்சம் பாவப்பட்டாள். "போகப் போக வருவாங்க" என்று ஆறுதல்கூடச் சொன்னாள். அந்த ஆறுதலைச் சொல்கிறபோது அவளுக்குச் சுகமாக இருந்தது.

முதல் கோட்டை விழுகிற அத்தியாயம் வந்தது. எதிரிகள் மதிலேறி உள்ளே குதிக்கிறார்கள். பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் செத்து விழுகிறார்கள். அடுப்படியில் ஒளிந்திருந்த வேயன், கொதிக்கிற சோற்றுப் பானையைத் தள்ளிவிட்டு, திக்கித் திக்கி நண்டின் பேரைக் கூப்பிடுகிறான். பாதிப் பேர்தான் வாயிலிருந்து வருகிறது. அதற்கே நண்டு சுவரை உடைத்துக்கொண்டு வருகிறது. அதோடு அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெண்கள் வந்தார்கள், கல்லூரிப் பையன்கள் வந்தார்கள், துபாயில் டிரைவராக இருக்கிறவர்கள்கூட வந்தார்கள். ரோஷன் இத்தனை வருஷம் சேர்த்த வாசகர்களை நுஸைபா ஒரு மழைக்காலத்துக்குள் தாண்டிப் போய்விட்டாள்.

அப்ரார் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினான். சித்தி நுஸைபாவை அவன் சாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"ம்மா, சாச்சி கதை செமயா இருக்கும்மா. எங்க ரூம்ல எல்லாரும் படிக்கிறோம். வேயன் சாவானா மாட்டானான்னு சாச்சிகிட்டக் கேட்டுச் சொல்லேன்."

"நான் எழுதுனதை எதாவது படிச்சிருக்கியாடா நீ?"

"அது லேடீஸ் படிக்கிறதும்மா" என்றான்.

போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். சார்ஜ் நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். ரோஷன் வழக்கம்போல வாசல் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நல்ல பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள். ரோஷனும் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க நுஸைபாவோட லாத்தாதானே? அவங்க வந்திருக்காங்களா?"

அன்றைக்கு வைத்த பிரியாணியில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் ரோஷனுக்குத் தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் நுஸைபாவைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், கேட்டதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்த அடக்கம்தான் ரோஷனுக்கு இன்னும் எரிந்தது. கொஞ்சமாவது தலைக்கனம் காட்டியிருந்தால் திட்டவாவது வழி கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்தாள். எங்கேயாவது மோசமாக இருக்காதா என்று படித்தாள். பல இடங்களில் நன்றாக இருந்தது. நன்றாக இருந்த ஒவ்வொரு இடத்திலும் வயிறெரிந்தது. நடுநடுவே ஓட்டைகளும் இருந்தன. போரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கதை எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பது தெரியும். அதை ரோஷனாகச் சொல்ல முடியாது. சொன்னால் பொறாமை என்பார்கள்.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்ததும் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினாள். சண்டைக் கதையைக் குறை சொல்ல ஒரு மிலிட்டரி ஆள்தான் சரி. ஊர் தூரமாக இருக்க வேண்டும். எப்போதோ தஞ்சாவூர் போகும்போது பஸ் ஜன்னலில் பார்த்த முந்திரித் தோப்புகள் ஞாபகம் வந்தன. ‘ஹவில்தார் தங்கமுத்து, ஓய்வு, கந்தர்வக்கோட்டை’ என்று பெயர் வைத்தாள். படத்துக்கு ஒரு முந்திரி மரத்தைப் போட்டாள். பிறகு நுஸைபாவின் கதைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு எழுதினாள்.

"கதாசிரியைக்குப் போர் என்றால் என்னவென்று தெரியவில்லை. பத்தாயிரம் பேர் கொண்ட கோட்டைப் படை எதிரியைத் தேடி மலையேறுகிறது. அவர்களுக்குச் சோறு எங்கே? தண்ணீர் எங்கே? நாயகன் அடுப்படிப் பையன் என்கிறீர்கள். முதல் கோட்டை விழுந்த பிறகு ஒரு தடவையாவது அவன் சோறு வடித்து நான் பார்க்கவில்லை. எல்லையில் காவல் நின்றவன் சொல்கிறேன், இது போர் அல்ல, பொம்மை விளையாட்டு."

நுஸைபா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சாயங்காலம் டீ போட வந்தபோது அவள் முகம் வாடித்தான் இருந்தது. ரோஷன் ஒன்றும் தெரியாதவள்போல், "என்ன புள்ள, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"ஒரு மிலிட்டரிக்காரர் ஒத்த ஸ்டார் குடுத்திருக்காரு லாத்தா. ஆனா அவர் சொன்னது சரிதான். பத்தாயிரம் பேருக்குச் சோறு வேணும்ல? எனக்குத் தோணவே இல்ல."

அந்த வாரமே அவள் அத்தியாயத்தை மாற்றி எழுதினாள். வேயன் மலையடிவாரத்தில் பெரிய பெரிய கொப்பரைகளில் சோறு வடிக்கிறான். அடுப்புப் புகை வானத்துக்கு ஏறுகிறது. அந்தப் புகையை வைத்தே எதிரிகள் படை இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். சோறாக்கியவனால் அழிவு வந்தது என்று படையே வேயன்மேல் பாய்கிறது. வாசகர்கள் கொண்டாடிவிட்டார்கள். கீழே நுஸைபா ஒரு பதில் போட்டிருந்தாள்: "இந்த அத்தியாயம் ஹவில்தார் ஐயா கொடுத்தது. ஐயா தொடர்ந்து படித்துக் குறை சொல்ல வேண்டும்."

ரோஷன் அதை மூன்று நான்கு தடவை படித்தாள். அடித்த கல் பூமாலையாகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அதுவும் வேறு ஒருவர் கழுத்துக்கு.

அவள் விடவில்லை. ஹவில்தார் வாராவாரம் வந்தார். வேயனுக்கு இரத்தத்தைக் கண்டால் வரும் வாந்தி எந்த அத்தியாயத்தில் நின்றது என்று கேட்டார். காயம்பட்டவர்கள் கத்துகிற சத்தம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். ஆறாம் கோட்டைச் சண்டை முடிந்ததும் கேட்டது இது: "வெற்றி முரசு கொட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். களத்தில் கிடக்கிற பிணங்களை யார் எடுத்து அடக்கம் செய்தது?"

அதற்கு நுஸைபா எழுதிய அத்தியாயத்தைத்தான் இப்போதும் எல்லாரும் சொல்கிறார்கள். வெற்றி விருந்துக்கு யாரும் வேயனைக் கூப்பிடவில்லை. அவன் தனியாகக் களத்துக்குப் போகிறான். நண்டுகள் குழி பறிக்கின்றன. அவன் ஒவ்வொரு முகத்தையும் துடைத்துவிட்டுப் புதைக்கிறான். எதிரிப் படையில் அவன் வயதுப் பையன் ஒருவன் கிடக்கிறான், அவனும் இடுப்பில் கரண்டி செருகியிருக்கிறான்.

அடுப்படியில் உட்கார்ந்து படித்த ரோஷன் அழுதாள். அழுதுகொண்டே, இது என் கேள்வி, நான் கேட்டதால் வந்தது என்று நினைத்தாள். அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்ததும் அழுகை நின்று கோபம் வந்தது.

இப்போதெல்லாம் நுஸைபா வாயைத் திறந்தால் ஐயாதான். "ஐயாவுக்கு இது பிடிக்காது", "ஐயா இதக் கவனிச்சிருப்பாரு." ஒரு நாள் ரோஷன் பொறுக்க முடியாமல் நேரிலேயே ஒரு யோசனை சொன்னாள்.

"புள்ள, வேயன வெறுக்கிற அந்தக் கோட்டைத் தளபதி கடைசியில மனசு மாறுறது பொருந்தல. அவனைக் கெட்டவனாவே விட்டுரு."

நுஸைபா மரியாதையாகத் தலையாட்டினாள். "பாப்போம் லாத்தா. ஐயா என்ன சொல்றாருன்னு பாத்துட்டு மாத்துறேன்."

ரோஷன் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு ரூமுக்குப் போனாள். அதே யோசனையை ஹவில்தார் பெயரில் எழுதினாள். சாயங்காலம் நுஸைபா மாடியிலிருந்து ஓடிவந்தாள். "லாத்தா, ஐயாவும் நீங்க சொன்ன மாதிரியேதான் சொல்லியிருக்காரு. மாத்திட்டேன்."

இல்லாத ஒரு கிழவனிடம் தோற்றுப்போனது அவளுக்குத் தாங்கவில்லை. அவரைக் கொன்றுவிடலாமா என்றுகூட யோசித்தாள். கணக்கை அழித்துவிட்டால் போதும். ஆனால் ஹவில்தார் போய்விட்டால் அந்தக் கதையில் தனக்கென்று ஒன்றும் இருக்காது. அதனால் விட்டுவைத்தாள்.

கதை முடிந்ததும் சென்னையில் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது. பார்சலைப் பிரித்த வாஜித், முதல் பிரதியை ரோஷன் கையில் கொடுத்தான். அட்டையில் நண்டின் மேல் ஒல்லியாக ஒரு பையன். முதல் பக்கத்தைத் திருப்பினாள். ‘போர் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் தங்கமுத்து ஐயாவுக்கு’ என்று நடுவில் தனியாக அச்சடித்திருந்தது. நன்றி சொல்கிற பக்கத்தில் அத்தா, அம்மா, வாஜித், தோழிகள் எல்லாருக்கும் பிறகு, ‘ஆப்பைக் காட்டித்தந்த ரோஷன் லாத்தா’ என்று கடைசி வரியில் அவள் பெயரும் இருந்தது.

"நல்லாருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

நுஸைபா அதோடு நிற்கவில்லை. ஐயாவை நேரில் பார்த்துப் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்றாள். ஹவில்தார் உடனே பதில் எழுதினார்: உடம்பு சரியில்லை, யாரையும் பார்ப்பதில்லை, வர வேண்டாம். அதைப் படித்ததும் நுஸைபா கலங்கிவிட்டாள்.

"முடியாம இருக்காரு லாத்தா. கட்டாயம் போகணும். எங்க வீட்டுக்காரருக்குக் கடைவேலை, நீங்க கூட வாரீங்களா? கந்தர்வக்கோட்டை சின்ன ஊருதானே, மிலிட்டரி தங்கமுத்துன்னு கேட்டாச் சொல்லமாட்டாங்களா?"

வரமாட்டேன் என்று சொல்ல ரோஷனால் முடியவில்லை. போகாவிட்டால் அவள் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போவாள். கூடப் போனால், ஆள் இல்லை என்று சீக்கிரம் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம்.

காலையில் மீமிசலில் பஸ் ஏறினார்கள். அறந்தாங்கியில் மாறி, புதுக்கோட்டையில் மாறிப் போகிற வழியெல்லாம் நுஸைபா புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தாள். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இவ்வளவு ஆசையாக அவள் தன்னிடம் ஒருநாளும் பேசியதில்லை என்று ரோஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கந்தர்வக்கோட்டையில் இறங்கி ஒரு டீக்கடையில் விசாரித்தார்கள். ரோஷன் எதிர்பார்க்காதது அங்கே நடந்தது.

"மிலிட்டரி தங்கமுத்துவா? இருக்காரே. அங்கிட்டு முந்திரித் தோப்பத் தாண்டிப் போகணும். ஆட்டோவுல போயிருங்க" என்றார் கடைக்காரர்.

தான் எழுதி வைத்த ஆள் எழுந்து நடமாடுகிறாரோ என்று ஒரு கணம் ரோஷனுக்குத் தோன்றிவிட்டது.

ஆட்டோ தோப்புக்கு நடுவில் ஓர் ஓட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. சாக்கு விரித்து முந்திரிக்கொட்டை காயவைத்திருந்தார்கள். கொட்டைகளைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அம்மாள், தங்கமுத்துவின் மனைவி அழகம்மாள். "வாங்க தாயி, உள்ள வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். தங்கமுத்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். மெலிந்த உடம்பு, காது கொஞ்சம் மந்தம்.

நுஸைபா புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள்.

அழகம்மாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "இவரு பேரா? அச்சுலயா போட்டிருக்கு?" அவர் விரல் அந்த எழுத்துகளைத் தொட்டது. "ஏங்க, இங்க வந்து பாருங்க."

தங்கமுத்து குனிந்து பார்த்துவிட்டு, வெட்கப்பட்டவர்போல் சிரித்தார். "பேரு என் பேருதாம்மா. ஆனா நான் மிலிட்டரியில லாரி ஓட்டுனேன். ஹவில்தாரெல்லாம் இல்ல. கதைப் புத்தகம் படிச்சதும் இல்ல. எங்கிட்ட இருக்கிறது பட்டன் போனு. நீங்க தேடி வந்தது வேற ஆளு போலருக்கு."

நுஸைபாவின் முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. அவருக்குத்தான் இதக் குடுக்கணும்."

"அதனாலென்ன தாயி" என்றார் அழகம்மாள். ஆனால் அவர் கண் அந்தப் புத்தகத்தை விட்டு நகரவில்லை.

இரண்டு பேரும் தோப்பு வழியாக மெயின்ரோட்டுக்கு நடந்தார்கள். ரோஷன் தப்பித்தோம் என்று நினைத்தாள். அப்போது நுஸைபா சொன்னாள்.

"பக்கத்து ஊருலயும் கேப்போம் லாத்தா. இன்னைக்கு முடியலன்னா இன்னொரு நாள் வருவோம். முடியாம கெடக்கிற மனுசன். எனக்காக எவ்வளவு எழுதியிருக்காரு. நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. இல்லாத அந்த மனிதனுக்காக அவள் அழுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நடக்க ரோஷனால் முடியவில்லை. பாவப்பட்டுச் சொன்னாளா, அந்த அழுகை தனக்கு வர வேண்டியது என்று சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது.

"தேடாத புள்ள. அப்படி ஒரு ஆளு இல்ல. நான்தான் எழுதுனேன்."

நுஸைபா நின்றாள். "என்ன எழுதுனீங்க?"

"எல்லாம். சோறு எங்கன்னு கேட்டது, பொணத்த யாரு அடக்குனதுன்னு கேட்டது. தங்கமுத்துன்னு நானா ஒரு பேரு வச்சேன்."

"அந்த மொத ஒத்த ஸ்டாரும் நீங்கதானா?"

"ஆமா."

"எதுக்கு லாத்தா?"

வழியெல்லாம் சாக்குகள் யோசித்து வைத்திருந்தாள். உன் நல்லதுக்குத்தான், நேரில் சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்றெல்லாம்.

"பொறாமைதான். வேற என்ன சொல்ல."

"என் முன்னாடியே உக்காந்து, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டீங்க" என்றாள் நுஸைபா. பிறகு திரும்பி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள். ரோஷன் பின்னாலேயே போனாள்.

நுஸைபா அந்த ஓட்டு வீட்டு வாசலுக்குப் போய், புத்தகத்தை அழகம்மாள் கையில் கொடுத்தாள். "இது இவருக்குத்தாம்மா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். வேற தங்கமுத்து யாரும் இல்ல." அழகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு துணிப்பை நிறைய முந்திரிப்பருப்பைக் கட்டிக் கொடுத்தார்.

வேலிப் பக்கம் நின்று பார்த்த ரோஷனுக்கு, அந்த நிலைமையிலும் நெஞ்சு எரிந்தது. உண்மையைச் சொன்ன பிறகு அந்தப் புத்தகம் தன் கைக்கு வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறாள். இப்போது ஒரு லாரி டிரைவர்மேலும் பொறாமை வந்தது.

திரும்பி வரும்போது நுஸைபா வேறு ஸீட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டில் சண்டை வெடிக்கும் என்று ரோஷன் பயந்தாள். வாஜித் என்ன சொல்வான், அபுபக்கருக்குப் போன் போகுமா, அப்ரார் காதுக்கு எட்டுமா என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வாஜித் எப்போதும்போல அண்ணியை, "மச்சி, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். நுஸைபா யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். உப்பு எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். என்னால் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று ரோஷன் யோசித்துப் பார்த்தாள். முடியாது. இதிலும் அவள்தான் மேலே நின்றாள். அதற்கும் சேர்த்து எரிந்தது.

ஹவில்தாரின் கணக்கை அழித்துவிட்டாள். தன் கதைகளையும் எழுதவில்லை.

மழை முடிந்து நுஸைபா இரண்டாம் பாகத்தைத் தொடங்கினாள். ரோஷன் படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தாள். வேயன் இப்போது படைத்தலைவன். எல்லாரும் அவனை மெச்சுகிறார்கள். ஒவ்வொரு சண்டையிலும் ஜெயிக்கிறான். கதையில் உயிரே இல்லை. ஹவில்தார் ஐயா எங்கே என்று வாசகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ரோஷனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. வாரம் போகப் போக அது குறைந்துபோனது. வேயன் இப்படி ஆகிக்கொண்டிருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு மதியம் நுஸைபா அடுப்படிக்கு வந்து, போனை ரோஷன் முன்னால் வைத்தாள்.

"எங்க தப்பா போகுதுன்னு சொல்லுங்க. இந்தத் தடவை மொகத்துக்கு நேராச் சொல்லுங்க."

கோபம் போன குரல் இல்லை அது. ஆனால் கேட்டுவிட்டாள்.

ரோஷன் புளி கரைத்த கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எல்லாருமா அவனப் பாத்துச் சந்தோசப்படுவாங்க? சின்ன வயசுலேருந்து வாள் பிடிச்சுப் பழகுன ஒருத்தன் அந்தப் படையில இருப்பான்ல? சோறாக்குன பையன் தலைவனாகி நிக்கிறத அவன் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பான்?"

நுஸைபா அவளையே பார்த்தாள். "அவன் என்ன செய்வான்?"

"மொதல்ல சிரிப்பான். நல்லாருக்குன்னு சொல்லுவான். பெறகு தனியா உக்காந்து வேயன் பண்ற தப்பாப் பாத்து எண்ணுவான். தன் பேச்சத் தன்னோட நண்டுகூடக் கேக்காதப்போ, இது எனக்கு வர வேண்டியதுன்னு நெனப்பான்." ரோஷன் போனை அவள் பக்கம் தள்ளினாள். "அவனுக்குத் தூக்கம் வராது புள்ள."

"என்னால எழுத வராது லாத்தா" என்றாள் நுஸைபா. போனை மறுபடி ரோஷன் பக்கம் நகர்த்தி, "நீங்க எழுதுங்க" என்றாள். "ஒங்க பேருலயே."

அந்தப் பாத்திரத்துக்கு அதியன் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோட்டைத் தளபதியின் மகன். வேயனின் அத்தியாயங்களை நுஸைபாவும் அதியனின் அத்தியாயங்களை ரோஷனும் எழுதுவது என்று ஏற்பாடு. முதல் அதியன் அத்தியாயத்தை ரோஷன் ஒரு வாரம் எழுதினாள். எழுதும்போது யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அது வெளிவந்தது. அதியனை வெறுக்க முடியவில்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். தன் தங்கையிடம் தான் இப்படித்தான் இருந்ததாக ஒரு பெண் எழுதினாள். அடுத்த வாரம் வேயனுக்கு வந்ததைவிட அதியனுக்குக் கூட்டம் அதிகமாக வந்தது.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை நுஸைபா கொடுவா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். ரோஷன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அதியன் சாப்டருக்கு நெறயப் பேரு வந்திருக்காங்க போல" என்றாள் நுஸைபா.

"அப்படியா? நான் இன்னும் பாக்கலையே" என்றாள் ரோஷன். விடிந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுஸைபா வேகமாக உரசினாள். செதில்கள் சுவர்வரை தெறித்தன.

"அடுத்த வாரச் சண்டையில அவன் செத்துருவான் லாத்தா."

ரோஷன் துருவுவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். நுஸைபா நிமிரவில்லை. அவள் காதோரம் சிவந்திருந்தது.

"போன வாரமே அவன மலைநாட்டுக்குத் தப்பிக்க விட்டுட்டேனே" என்றாள் ரோஷன். "இனி நீ அவ்வளவு தூரம் படையெடுத்து வந்தாத்தான் உண்டு."

"வாரேன்" என்றாள் நுஸைபா.